சொலினாய்டு வால்வு வாங்கும் முன்: இஞ்சும் வோல்ட்டும் கடைசிக் கேள்விகள்

"அண்ணே, ஒரு இஞ்ச் சொலினாய்டு வால்வு ஒண்ணு குடுங்க, 230 வோல்ட்." கடைகளில் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். (சொலினாய்டு வால்வு என்றால் காயில் என்ற கம்பிச்சுருளுக்குக் கரண்ட் கொடுத்துத் திறந்து மூடும் வால்வு.) கடைக்காரரும் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார். பைப்போடு சரியாகப் பொருந்தும். கரண்ட் கொடுத்தால் 'டிக்' என்று சத்தமும் வரும். தண்ணீர் மட்டும் வராது, அல்லது வந்த தண்ணீர் நிற்காது. டூப்ளிகேட் வால்வைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிவிட்டு, அடுத்த கடையில் போய் அதே வகையை மறுபடியும் வாங்குவார்கள்.

இப்படித் தூக்கி எறியப்படும் வால்வுகளில் பல நல்ல வால்வுகள். இடம்தான் தப்பு. பைப் அளவையும் வோல்ட்டையும் மட்டும் சொல்லி வாங்கினால் இது நடக்கத்தான் செய்யும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வால்வு திறக்க வேண்டிய நேரத்தில், அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? இது தெரிந்துவிட்டால் வால்வின் வகை கிட்டத்தட்ட முடிவாகிவிடும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: அழுத்தத்தைக் கணக்குப் போடுங்கள்

தண்ணீருக்கு இது சுலபம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் தரும். அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பார். நடைமுறையில் 'ஒரு கிலோ பிரஷர்' என்று சொல்வதும் ஏறக்குறைய இதே 1 பார்தான். பிரஷர் மீட்டரில் பி.எஸ்.ஐ. என்று இருந்தால் 14.5 பி.எஸ்.ஐ. ஒரு பார், எம்.பி.ஏ. என்று இருந்தால் 0.1 எம்.பி.ஏ. ஒரு பார்.

மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் வால்வு வைக்கப்போகும் இடத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 0.4 பார். அதே வால்வைத் தொட்டியின் அடியிலேயே மாடியில் வைத்தால், தொட்டிக்குள் அரை மீட்டர் தண்ணீர் இருக்கும்போது கிடைப்பது 0.05 பார்தான். தொட்டியும் பைப்பும் மாறவில்லை. வால்வின் இடம் மாறியதும் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 0.4 பார் என்பது தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது உள்ள அழுத்தம். ஓட ஆரம்பித்ததும் பைப்பின் நீளம், எல்போக்கள், பாதி திறந்த கேட் வால்வு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் வால்வுக்கு. சந்தேகம் இருந்தால் வால்வு வரப்போகும் இடத்தில் ஒரு டீ (மூன்று வழி பைப் இணைப்பு) போட்டு, 0 முதல் 4 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, குழாயை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த கேஜ், தப்பான வால்வு ஒன்று வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

பிரஷர் பம்ப் போட்ட வீடு, கம்ப்ரஸர் லைன், போர்வெல் மோட்டாரின் டெலிவரி பைப் போன்ற இடங்களில் அழுத்தம் தாராளமாக இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது அதிகபட்ச அழுத்தம். மோட்டார் ஓடும்போது வால்வு மூடிவிட்டால் எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: மூன்று வகையில் உங்களுக்கு எது

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

25 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மூடியிருக்கிறது. மூடியை மேலிருந்து 5 பார் அழுத்தம் அமுக்குகிறது. அதைத் தூக்க வேண்டுமானால் சுமார் 245 நியூட்டன் வேண்டும், அதாவது 25 கிலோ எடையைத் தூக்கும் விசை. கைக்குள் அடங்கும் ஒரு காயிலால் அது முடியாது. ஓட்டை 2 மில்லிமீட்டர் என்றால் அதே அழுத்தத்தில் வேண்டியது 160 கிராம் அளவு விசைதான். சின்ன காயில் அலட்டாமல் தூக்கிவிடும். மூன்று வகைகளும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

*நேரடி வகை.* காயில் இழுத்ததும் உள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு மேலே எழும்பும், ஓட்டை திறக்கும். வேறு எதன் உதவியும் வேண்டாம். அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும், வெற்றிடத்திலும் திறக்கும். ஆனால் ஓட்டை சின்னதாகத்தான் இருக்கும், பெரும்பாலும் சில மில்லிமீட்டர். அதிகபட்ச அழுத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காயிலால் தூக்க முடியாது. வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குள் இருக்கும் 24 வோல்ட் குட்டி வால்வு இந்த இனம்.

*பைலட் வகை.* பெரிய ஓட்டையை ஒரு ரப்பர் டயாஃபிரம் மூடியிருக்கும். டயாஃபிரத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகத் தண்ணீர் ஏறி டயாஃபிரத்தின் மேல் அறையை நிரப்பும். மேலும் கீழும் ஒரே அழுத்தம். ஆனால் மேலே பரப்பு அதிகம், கூட ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. அதனால் டயாஃபிரம் இறுக உட்கார்ந்திருக்கும். காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் பிளஞ்சர் தூக்குவது டயாஃபிரத்தை அல்ல. மேல் அறையிலிருந்து வெளிப்பக்கம் போகும் பைலட் துளையை மட்டும்தான் திறந்துவிடுகிறது. மேல் அறைத் தண்ணீர் அதன் வழியே வடிகிறது. ஓரத் துளை வழியாக வருவதைவிட வேகமாக வடிவதால் மேலே அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே டயாஃபிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

வால்வைத் திறப்பது தண்ணீரின் அழுத்தம். காயில் வழிவிடுவதோடு சரி. அதனால்தான் சில வாட் காயிலை வைத்து ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் பைப்பையெல்லாம் திறந்து மூட முடிகிறது. தூக்கிவிட அழுத்தம் போதாவிட்டால் காயில் 'டிக்' என்று தன் வேலையைச் செய்யும், டயாஃபிரம் அசையாது. பைலட் வால்வுகளுக்கு வழக்கமாக 0.3 முதல் 0.5 பார் வரை குறைந்தபட்ச வித்தியாசம் தேவை. மொட்டைமாடித் தொட்டியின் 0.4 பாரில் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் இழுத்தடிப்பதற்குக் காரணம் இதுதான். வாஷிங் மெஷினின் இன்லெட் வால்வும் பைலட் வகைதான். தொட்டி உயரம் குறைவாக இருக்கும் வீடுகளில் மெஷின் தண்ணீர் பிடிக்கத் திணறுவதும் இதே காரணத்தால்தான்.

*பாதி நேரடி வகை.* இங்கே டயாஃபிரம் பிளஞ்சரோடு ஒரு ஸ்பிரிங்கால் இணைந்திருக்கும். அழுத்தம் இருந்தால் பைலட் மாதிரி எழும்பும். இல்லாவிட்டால் காயிலே கூடச் சேர்ந்து இழுக்கும். லேபிளில் குறைந்தபட்ச அழுத்தம் 0 பார் என்று போட்டிருக்கும். இதற்குப் பெரிய காயில் வேண்டும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், சூடும் அதிகம். தொட்டித் தண்ணீருக்கு சொலினாய்டுதான் வேண்டும் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, அழுத்த எல்லையைப் படியுங்கள். '0 முதல் 10 பார்' என்று இருந்தால் தொட்டிக்கு ஆகும். '0.5 முதல் 10 பார்' என்று இருந்தால் பம்ப் லைனுக்கு மட்டும். எல்லையே எழுதாத வால்வு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

சொலினாய்டே வேண்டாத இடமும் உண்டு

மண் கலங்கிவரும் போர்வெல் தண்ணீர், உப்புப் படியும் கடினநீர், அழுத்தம் மிகக் குறைந்த தொட்டி லைன், நாள் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டிய பைப். இவற்றுக்கெல்லாம் என் பரிந்துரை மோட்டார் வைத்த பால் வால்வு. உள்ளே இருக்கும் ஓட்டை போட்ட கோளத்தை, அதாவது 'பாலை', சின்ன மோட்டார் ஒன்று திருப்பும். முழு வழியும் திறக்கும், அழுத்தம் தேவையில்லை, ஊசித்துளை எதுவும் இல்லாததால் சின்ன மண்துகளுக்கெல்லாம் அடைக்காது, திறந்த பிறகு கரண்ட் இழுக்காது. மூடச் சில நொடிகள் ஆவதால் பைப் அதிர்வதும் இல்லை. விலை கூடுதல்தான். சாதாரண வகையில் கரண்ட் போனால் அப்போது இருக்கும் நிலையிலேயே நின்றுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். வேகமாகத் திறந்து மூட வேண்டும், அடிக்கடி இயங்க வேண்டும், கரண்ட் போனதும் தானாக மூட வேண்டும் என்ற இடங்களில் சொலினாய்டுக்கு மாற்று இல்லை.

படி 3: உள்ளே ஓடப்போவது என்ன

உடம்பு உலோகத்தைவிட உள்ளே இருக்கும் ரப்பர்தான் முக்கியம். மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

என்.பி.ஆர். பொதுவான ரப்பர். குளிர்ந்த தண்ணீர், காற்று, எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஆகும். சுமார் 80 டிகிரிக்கு மேல் நீடிக்காது. ஈ.பி.டி.எம். சுடுதண்ணீருக்கு நல்லது, மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்த் துளி கலந்துதான் வரும் என்பதால், சுடுதண்ணீருக்கு வாங்கி மிச்சமான ஈ.பி.டி.எம். வால்வை ஏர் லைனில் மாட்டாதீர்கள். வைட்டான் எண்ணெய், பெட்ரோல், டீசல் போன்றவற்றுக்கு, விலை அதிகம். நீராவி என்றால் டெஃப்லான் சீல் போட்ட நீராவி வால்வே தனியாக வாங்க வேண்டும்.

உடம்புக்குப் பித்தளை பெரும்பாலான நல்ல தண்ணீருக்குப் போதும். கடலோரப் பகுதிகளில் உப்பேறிய நிலத்தடி நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல அரித்து எடுத்துவிடும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பஞ்சுபோல் பொத்தலாகியிருக்கும். அங்கே 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நல்ல நைலான் உடம்பு நல்லது. தோட்டத்து வால்வுகள் பெரும்பாலும் நைலானில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உரக் கரைசல் ஓடும் லைனுக்குப் பித்தளை வேண்டவே வேண்டாம். அம்மோனியா பித்தளையை விரிசல் விடவைக்கும். குடிதண்ணீர் லைனுக்குக் குடிநீருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட வால்வையே வாங்குங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீருக்கு இரண்டு வழி வால்வு போதும்: உள்ளே, வெளியே. காற்றால் இயங்கும் பிஸ்டன் சிலிண்டர் ஒன்றைத் தள்ள வேண்டும் என்றால், தள்ளிய காற்று வெளியேறவும் ஒரு வழி வேண்டும். ஸ்பிரிங் வைத்துத் திரும்பும் சிலிண்டருக்கு 3/2 வால்வு, இரு பக்கமும் காற்றால் இயங்கும் சிலிண்டருக்கு 5/2 வால்வு. முதல் எண் துளைகள், இரண்டாவது எண் நிலைகள். 5/2 வால்வுகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் பைலட் வகை, 1.5 அல்லது 2 பார் இல்லாமல் நகராது. கோயம்புத்தூரில் ஜனாடிக்ஸ் போன்ற நிறுவனங்களே இவற்றைச் செய்வதால் உதிரிபாகம் கிடைப்பதில் கவலையில்லை. கம்ப்ரஸர் டேங்கின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்க டைமரோடு ஒரு வால்வு போடுவார்கள். துருவும் எண்ணெயும் கலந்த சேறு அங்கே வரும் என்பதால் ஓட்டை சற்றுப் பெரிதாக இருக்கும் நேரடி வகையும், முன்னால் ஸ்டிரெய்னர் என்ற வடிகட்டி ஒன்றும் அவசியம்.

படி 4: கரண்ட் போனால் என்ன ஆக வேண்டும்

கரண்ட் இல்லாதபோது மூடியிருப்பது என்.சி.; திறந்திருப்பது என்.ஓ. தொட்டி நிரப்புவது, தோட்டத்துக்குப் பாய்ச்சுவது, கேஸ் எல்லாவற்றுக்கும் என்.சி. கரண்ட் போனாலும் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய மெஷினுக்கு என்.ஓ.

பாதுகாப்பு ஒரு பிரச்சினையாக இல்லாத இடத்தில் நேரக் கணக்குப் போடுங்கள். நாளில் 22 மணி நேரம் திறந்தே இருக்கும் வால்வுக்கு என்.சி. வாங்கினால் அந்த 22 மணி நேரமும் காயில் வெந்துகொண்டிருக்கும். என்.ஓ. வாங்கினால் 2 மணி நேரம்தான்.

லாச்சிங் என்று ஒரு வகை உண்டு. ஒரு நொடிக்கும் குறைவான கரண்ட் துடிப்பு கொடுத்தால் திறக்கும், துருவம் மாற்றி இன்னொரு துடிப்பு கொடுத்தால் மூடும். இடையில் கரண்டே வேண்டாம். பேட்டரியில் ஓடும் தோட்டத்து டைமர்களுக்கு ஏற்றது. பேட்டரி தீர்ந்துபோனால் திறந்தது திறந்தபடியே கிடக்கும். அதனால் கேஸுக்கும், வழிந்தால் நாசம் என்ற இடத்துக்கும் ஆகாது.

படி 5: இப்போது அளவு

பைப் ஒரு இஞ்ச் என்பதால் வால்வும் ஒரு இஞ்ச் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பார்க்க வேண்டியது வால்வோடு வரும் விவரத்தாளான லீஃப்லெட்டில் இருக்கும் கேவி எண். வால்வில் 1 பார் அழுத்தம் இழக்கும்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்பதே கேவி. அமெரிக்கத் தயாரிப்புகளில் சிவி என்று இருக்கும், அதை 0.865 ஆல் பெருக்கினால் கேவி வந்துவிடும்.

1,000 லிட்டர் தொட்டியை அரை மணி நேரத்தில் நிரப்ப வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர், அதாவது 2 கன மீட்டர். வால்வில் 0.2 பார் வரை இழக்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். 0.2 இன் வர்க்கமூலம் 0.447. 2 ஐ அதால் வகுத்தால் 4.5. கேவி 4.5 அளவில் இருக்கும் பாதி நேரடி வால்வு உங்களுக்குப் போதும். அரை இஞ்ச் என்று எழுதிய இரண்டு வால்வுகளின் கேவி ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படலாம், ஏனென்றால் மரை அளவுதான் அரை இஞ்ச். உள்ளே இருக்கும் ஓட்டை அவரவர் இஷ்டம்.

'பெரிசாப் போட்டா நல்லதுதானே' என்று ஒரு எண்ணம் பரவலாக உண்டு. பைலட் வகையில் அது கெடுதல். மேலே சொன்ன அதே 2 கன மீட்டர் ஓட்டத்துக்குக் கேவி 10 உள்ள வால்வைப் போட்டால், அதில் இழப்பது 0.04 பார்தான். டயாஃபிரம் மேலே நிற்க 0.3 பார் வேண்டும். அதனால் முழுதாகத் திறக்காமல் ஏறி இறங்கிப் படபடக்கும். பைப் முழுக்க அதிர்வு கேட்கும், ரப்பர் சீக்கிரம் கிழியும். சந்தேகம் வந்தால் பைலட் வகையில் ஒரு அளவு குறைத்தே வாங்குங்கள்.

மரையையும் பாருங்கள். நம் ஊரில் பி.எஸ்.பி. மரைதான் வழக்கம். இறக்குமதி வால்வில் அமெரிக்க மரையான என்.பி.டி. இருக்கலாம். அரை இஞ்ச்சிலும் முக்கால் இஞ்ச்சிலும் இரண்டுக்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான் என்பதால் இரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். பலமாகத் திருகினால் உடம்பு பிளக்கும்.

படி 6: காயில்

230 வோல்ட் ஏ.சி. காயில் வசதி, நேராக டைமரிலோ ஃப்ளோட் ஸ்விட்சிலோ கொடுத்துவிடலாம். பலவீனம் குறைந்த வோல்டேஜ். காயில்கள் பொதுவாகக் குறிப்பிட்ட வோல்டேஜிலிருந்து 10 சதவீதம் ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும். இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை 40 சதவீதம் குறைந்துவிடும். ஏ.சி. காயிலில் பிளஞ்சர் முழுதாக மேலே போய் ஒட்டினால்தான் கரண்ட் குறையும்; பாதியில் நின்றால் ஆரம்பக் கரண்டே தொடர்ந்து ஓடி காயில் கருகிவிடும். கோடைக்கால இரவுகளில் வோல்டேஜ் விழும் ஊர்களில் காயில் அடிக்கடி எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்டெபிலைசர் போடலாம், 24 வோல்ட் டி.சி. காயில் வாங்கி நல்ல எஸ்.எம்.பி.எஸ். (ஏ.சி.யை டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளை) ஒன்றில் கொடுப்பது இன்னும் நிம்மதி. ஈரக்கை படும் இடங்களுக்கும் தோட்டத்துக்கும் 24 வோல்ட்தான் என் தேர்வு. டி.சி. காயில் போட்டால் அதே வால்வின் அதிகபட்ச அழுத்தம் குறையக்கூடும். லீஃப்லெட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

தோட்டத்தில் 12 வோல்ட் வைப்பவர்கள் ஒயரின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். 20 வாட், 12 வோல்ட் காயில். 100 மீட்டர் தூரம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போகவும் வரவும் 200 மீட்டர், மின்தடை சுமார் 3.4 ஓம். காயிலுக்குப் போய்ச் சேருவது 8 வோல்ட்தான். அதே 20 வாட் காயிலை 24 வோல்ட்டில் வாங்கினால் 21.5 வோல்ட் போய்ச் சேரும்.

டி.சி. காயிலை ரிலேயிலோ கன்ட்ரோலர் போர்டிலோ கொடுக்கும்போது காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழாக, அதாவது கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வரும்படி, இணையுங்கள். இல்லாவிட்டால் ஆஃப் செய்யும்போது எகிறும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். நீண்ட நேரம் ஆனில் இருக்கும் வேலைக்கு '100 சதவீதம் ஈ.டி.' என்று எழுதிய காயில் வேண்டும். வெயில் மழைக்கு, தூசும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 ரகம். காயில் தொட முடியாத அளவு சூடாக இருந்தால் பயப்படாதீர்கள். எஃப் வகுப்புக் காயில் 155 டிகிரி வரை தாங்கும். கருகிய வாசனை வந்தால்தான் கவலை.

கேஸ் தனி விஷயம்

வீட்டு எல்.பி.ஜி. ரெகுலேட்டருக்குப் பின்னால் அழுத்தம் சுமார் 30 மில்லிபார், அதாவது 0.03 பார். பைலட் வால்வு கேட்பது இதைப்போல் பத்து மடங்கு. ஆக நேரடி வகை, அதுவும் கேஸுக்கென்றே சான்றளிக்கப்பட்ட என்.சி. வால்வு மட்டும்தான். தண்ணீர் வால்வை கேஸ் லைனில் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டக் கூடாது. தண்ணீர் சொட்டாமல் மூடும் வால்விலும் கேஸ் கசியும். ஈ.பி.டி.எம். ரப்பர் எல்.பி.ஜி.க்கு ஆகவே ஆகாது.

கரண்ட் போனதும் வால்வு மூடும், அடுப்பு அணையும். நல்லதுதான். ஆபத்து கரண்ட் திரும்பி வரும்போது இருக்கிறது. அடுப்பின் குமிழைத் திருப்ப மறந்திருந்தால், வால்வு தானாகத் திறந்து, தீ இல்லாத பர்னர் வழியாக கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதனால் சமையல் கூடத்துக்கு, கையால் தூக்கிவிட்டால் மட்டுமே மறுபடி திறக்கும் மேனுவல் ரீசெட் வகையை வாங்குங்கள். ஹோட்டல், கல்யாண மண்டபம், விடுதிச் சமையலறை நடத்துபவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விலை பார்க்க வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, லீக் டிடெக்டர் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது. அதற்குக் கூரைப் பக்கம்.

சிலிண்டர் அறைபோல் கேஸ் தேங்கக்கூடிய இடத்தில் சாதாரண காயில் கூடாது, வெடிப்புத் தடுப்புச் சான்று பெற்றது வேண்டும். பொருத்துவதை கேஸ் லைன் வேலை தெரிந்த, அங்கீகாரம் பெற்ற ஆளிடம் விடுங்கள். முடித்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனுக்கு எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாத வால்வு, அசிட்டிலீனுக்குச் செம்பு அதிகமில்லாத உலோகம். இந்த இரண்டிலும் புதியவர்கள் கைவைக்கவே வேண்டாம்.

படி 7: பொருத்துவது

முதலில் பைப்பைக் கழுவுங்கள். பி.வி.சி. அறுத்த தூள், டெஃப்லான் டேப் துணுக்கு, மண் எல்லாம் வெளியே போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் பிறகு வால்வை மாட்டுங்கள். புது வால்வு முதல் நாளே நிற்காமல் ஒழுகினால் பெரும்பாலும் இந்தத் தூளில் ஒன்று டயாஃபிரத்துக்கு அடியில் மாட்டியிருக்கும். வால்வுக்கு முன்னால் ஒரு ஒய்-ஸ்டிரெய்னர் கட்டாயம் வேண்டும்.

உடம்பில் இருக்கும் அம்புக்குறி ஓட்டத்தின் திசை. பின்பக்கம் அழுத்தம் கூடினால் டயாஃபிரம் தூக்கிக்கொண்டு தண்ணீர் பின்னோக்கிப் போகும். அப்படி நேரக்கூடிய லைனில் கூடவே ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு) போடுங்கள். காயில் மேலே பார்த்து நிற்கட்டும். தலைகீழாக இருந்தால் வண்டல் பிளஞ்சர் குழாயில் சேரும். திருகும்போது ஸ்பேனரை உடம்பில் பிடியுங்கள், காயிலைக் கைப்பிடியாக்கினால் உள்குழாய் வளைந்துவிடும். இரு பக்கமும் யூனியனும் (எளிதில் கழற்றி மாட்டும் இணைப்பு) பால் வால்வும், சுற்றி ஒரு பைபாஸும் வைத்தால் பழுதானாலும் தண்ணீர் நிற்காது. ஒயர் காயிலுக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகத் தொங்கட்டும், மழைத்தண்ணீர் அதன் வழியே கனெக்டருக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

நீளமான பைப்பில் வால்வு சட்டென்று மூடினால் 'டம்' என்று அடிக்கும். ஜி.ஐ. பைப்பில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சடாரென நிறுத்தினால் அழுத்தம் 10 பாருக்கும் மேல் எகிறும், பி.வி.சி.யில் அதில் பாதிக்கும் குறைவு. அப்படி அடித்தால் மெதுவாக மூடும் வகைக்கு மாறுங்கள்.

சோதிக்கும் ஆசையில் ஏ.சி. காயிலைக் கழற்றி வெறுமனே கையில் வைத்துக்கொண்டு கரண்ட் கொடுக்காதீர்கள். உள்ளே இரும்புத் தண்டு இல்லாவிட்டால் கரண்ட் எகிறி சில நிமிடங்களில் எரிந்துவிடும். காயில் வேலை செய்கிறதா என்று பார்க்க, மாட்டியிருக்கும்போதே மேல் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொண்டுபோங்கள். இழுத்தால் காயில் நன்றாக இருக்கிறது.

வேலை செய்யாதபோது

சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை: அழுத்தம் போதவில்லை, அல்லது நடுவில் உள்ள பைலட் துளை அடைத்திருக்கிறது. கரண்ட் நிறுத்தியும் தண்ணீர் நிற்கவில்லை: டயாஃபிரத்தின் ஓரத்து ஊசித்துளை அடைத்து மேல் அறை நிரம்பவில்லை, அல்லது அடியில் ஏதோ மாட்டியிருக்கிறது. கடினநீர் ஊர்களில் இந்த இரண்டு துளைகளையும் சுண்ணாம்புப் படிவு மெல்ல மூடிவிடும். கழற்றி, உலோகப் பாகங்களை வினிகரில் ஊறவைத்து, நைலான் இழையால் துளையைக் குத்திவிடுங்கள். ஊசியைப் போட்டால் துளை பெரிதாகி வால்வின் கணக்கே மாறிவிடும். ஏ.சி. காயில் 'உர்' என்று இரைந்துகொண்டே இருந்தால் பிளஞ்சரின் முகத்தில் அழுக்கு, அல்லது அதன் எதிரே இருக்கும் செம்பு வளையம் உடைந்திருக்கிறது.

வால்வு வாங்கும் அன்றே அந்த மாடலுக்கான டயாஃபிரம் கிட் ஒன்றையும் ஒரு காயிலையும் சேர்த்து வாங்கி வையுங்கள். அவை தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். 'முழுசாத்தான் மாத்தணும்' என்று சொன்னால் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.